லட்சம் வீடுகளும் ஒரே ஊரும்

ஒரு சமூக ஆய்வு வெளியானதும் நம்மிடையே எழும் முதல் கேள்வி, ‘எத்தனை பேரிடம் கேட்டார்கள்?’ என்பதுதான். ஐம்பதாயிரம் என்றால் தலையசைக்கிறோம். ஐந்து லட்சம் என்றால் கைகூப்புகிறோம். ஒரே ஊரில் பல மாதம் தங்கி எழுதியது என்றால், ‘நல்ல கதை’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டம் முடிந்த ஜூன் 1 மாலை, பெரும்பாலான வாக்குக் கணிப்புகள் ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. சில 400ஐயும் தொட்டன. மூன்று நாள் கழித்துப் பெட்டி திறந்தபோது கிடைத்தது 293. லட்சக்கணக்கானோரைச் சந்தித்ததாகப் பெருமை பேசியவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அதற்குப் பின்னும் நம் நம்பிக்கை அசையவில்லை; அடுத்த முறை இன்னும் அதிகம் பேரைக் கேட்டால் சரியாகிவிடும் என்கிறோம். தராசு கோணலாக இருக்கும்போது சரக்கைக் கூட்டி நிறுத்தால் எடை நேராகுமா? மாதிரியைப் பெரிதாக்கினால் தற்செயலாக வரும் பிழைதான் குறையும். கேள்வியிலும், கேட்பவரிலும், பதில் சொல்பவரின் அச்சத்திலும் உள்ள கோணல் அப்படியே இருக்கும். எண்ணிக்கை பெரிதானதால், அந்தக் கோணலுக்கு ஒரு மரியாதையும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடப்புத்தகச் சான்று உண்டு. குடும்பச் செலவை எத்தனை நாள் நினைவிலிருந்து கேட்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ‘கடந்த முப்பது நாளில் எவ்வளவு அரிசி?’ என்று கேட்பது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நெடுநாள் வழக்கம். 1950களில் புள்ளியியலாளர் மகலனோபிஸின் குழுவினர் சோதித்துப் பார்த்து வகுத்த வழி அது. 1990களின் நடுவில் சில சுற்றுகளில், பாதிக் குடும்பங்களிடம் உணவுக்கு முப்பது நாளுக்குப் பதில் ஏழு நாள் கணக்கைக் கேட்டுப் பார்த்தார்கள். உணவுச் செலவு கூடியது. அதைக் கொண்டு கணக்கிட்டால் ஏழைகளின் தொகை ஏறத்தாழ பாதியாகும். பிறகு 1999-2000 சுற்றில் இரண்டு கேள்விகளையும் ஒரே படிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே வீட்டில் ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டால், ஒரு பதில் இன்னொன்றோடு ஒத்துப்போகும்படி வளைவது மனித இயல்பு. 1993-94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 ஆக இறங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. அதில் எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு படிவத்தின் வேலை என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அந்தச் சுற்றில் கேட்கப்பட்ட குடும்பங்கள் சுமார் 1,20,000. மாதிரி சிறியது என்று எவரும் குறைகூற முடியாது.

நாடு முழுவதையும், ஒரு தலை விடாமல் எண்ணினாலும் இதே கதைதான். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் 1971க்கும் இடையில் இந்தியாவில் உழைக்கும் பெண்களின் விழுக்காடு ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. நாற்று நட்ட பெண்கள் பத்தாண்டில் வயலை விட்டுப் போய்விடவில்லை. ‘வேலை செய்பவர்’ என்ற சொல்லுக்கான இலக்கணம் மாறியது. முதன்மையான வேலை எது என்று கேட்டால், விடியுமுன் மாட்டுக்குப் புல் அறுத்து, பகலில் களையெடுத்து, இரவில் உலை வைப்பவள் ‘வீட்டு வேலை’ என்றுதான் சொல்வாள். அவள் சொல்லாவிட்டாலும் வாசலில் நிற்கும் கணவன் சொல்லிவிடுவான். தீண்டாமைக்கு வாருங்கள். 2011-12இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், ‘உங்கள் வீட்டில் தீண்டாமை பார்ப்பீர்களா?’ என்று நேரே கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், ‘பட்டியல் சாதியினர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், பாத்திரத்தைப் புழங்கினால் ஆட்சேபம் உண்டா?’ என்று அடுத்ததாகக் கேட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து 27 விழுக்காட்டுக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. அந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் தொகை இன்னும் இறங்கியிருக்கும். அடுப்படியையும் பாத்திரத்தையும் கேட்க வேண்டும் என்ற அறிவு எங்கிருந்து வந்தது? கணினி சொல்லவில்லை. ஊர்களில் உட்கார்ந்து, யார் எந்தக் குவளையில் குடிக்கிறார் என்று பார்த்தவர்கள் எழுதிவைத்ததிலிருந்து வந்தது.

இந்த இடத்தில் அடையாறு காந்தி நகருக்கு வர வேண்டும். யுனெஸ்கோவில் உயர்பதவி வகித்துத் திரும்பிய மால்கம் ஆதிசேஷையா 1971இல் அங்கே நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், நம் எண்ணிக்கை மோகத்துக்கு நேர் எதிரான ஒரு காரியத்தைச் செய்தது: ஏற்கெனவே ஆராயப்பட்ட ஊர்களுக்குத் திரும்பிப் போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார்; இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் ஆகியவை 1918இல் வந்த நூலில் இடம்பெற்றன. அதே ஊர்களை 1936-37இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி பார்த்தார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களில் தமிழக அரசின் நிதித் துறையை நடத்திவிட்டு ஆய்வுக்கு வந்திருந்த எஸ். குகன், மானிடவியலாளர் ஜோன் மென்சருடன் இருவேல்பட்டுக்குப் போனார். இந்த மென்சர்தான், சாதியைச் சேரியில் நின்று பார்த்தால் மேல்தட்டு அறிஞர்கள் வருணித்த இணக்கம் காணாமல் போகும் என்று 1974இல் வாதிட்டவர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மீண்டும் சென்றார்கள். வேளாண்மையைச் சார்ந்திருப்பது குறைந்ததையும், பெருநிலக்காரரின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் அந்தச் சார்பிலிருந்து பெருமளவு விடுபட்டதையும் எழுதினார்கள். ஒரே ஊர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு, ஐந்து வருகைகள். முன்னே போனவர் எழுதியதைப் பின்னே போனவர் அதே தெருவில் நின்று சரிபார்த்தார். நம்பகத்தன்மை என்ற சொல்லுக்கு இதைவிடக் கறாரான பொருள் எனக்குத் தெரியவில்லை. லட்சம் வீடுகளின் கணக்கில் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் எதைச் சரிபார்ப்பீர்கள்?

ஒரு ஊரை வைத்துத் தமிழ்நாட்டைச் சொல்ல முடியுமா என்ற ஆட்சேபம் நியாயமானது. முடியாது. மாநிலத்தில் எத்தனை விழுக்காட்டினர் நிலமற்றவர்கள் என்ற கேள்விக்கு இருவேல்பட்டு பதில் சொல்லாது; ஸ்லேட்டர் ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவும் இல்லை. ‘எத்தனை’ என்று அறிய ஒழுங்காக எடுத்த மாதிரியைத் தவிர வேறு வழியில்லை; அதை மறுப்பவர் அரசாங்கத்துக்கு வசதியானவராகிவிடுவார். 2017-18 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவை அரசு வெளியிடாமல் நிறுத்திக்கொண்டபோது நாம் இழந்தது அப்படியொரு ‘எத்தனை’யைத்தான். ஆனால் எது எப்படி நடந்தது, யாருடைய பிடி எதனால் விட்டது என்பவை வேறு வகைக் கேள்விகள். அவற்றுக்குத் தொகையைக் காட்டுவது பசித்தவனிடம் உணவுப் பட்டியலை நீட்டுவது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது: ஊரில் தங்கும் ஆய்வாளர் தன் கண்ணால்தானே பார்க்கிறார், அந்தக் கண்ணை யார் சோதிப்பது? உண்மைதான். 1916இல் கல்லூரிக்குப் போன மாணவர்கள் பெரும்பாலும் எந்த வீடுகளிலிருந்து வந்தார்கள் என்பது தெரிந்ததே. அவர்கள் சேரிக்குள் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்? 1960களின் தொடக்கத்தில் தஞ்சைப் பகுதியில் ‘ஸ்ரீபுரம்’ என்று பெயர் மாற்றி எழுதப்பட்ட ஊரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் அக்ரகாரத்தில் தங்கினார். அதனால் ஆதிதிராவிடர் தெருவுக்குள் தாராளமாகப் புழங்க முடியவில்லை என்பதை அவரே எழுதினார். அந்த ஒப்புதல் அவருடைய ஆய்வின் பலம் என்றே நினைக்கிறேன். எங்கே நின்று பார்த்தேன் என்று அவர் சொல்லிவிட்டதால், எதை நம்பலாம், எங்கே ஐயத்தோடு படிக்க வேண்டும் என்று வாசகர் தீர்மானிக்கலாம். பெரும் கணக்கெடுப்பு அறிக்கைகளில் மாதிரி எடுத்த முறை பக்கம் பக்கமாக இருக்கும். கணக்கெடுப்பாளர் எந்தச் சாதி, எந்தத் தெருவில் வாசலோடு திரும்பினார், யார் பக்கத்தில் நின்றபோது அந்தப் பெண் பதில் சொன்னாள் என்பது பெரும்பாலும் இருக்காது. கண் இல்லாத பார்வை என்று ஒன்று கிடையாது. கண்ணை மறைத்துவைத்த பார்வைதான் உண்டு.

2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எல்லோரையும் எண்ணிவிட்டால் எல்லாச் சர்ச்சையும் தீரும் என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. 2011இன் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பிலும் வீடுவீடாகத்தான் கேட்டார்கள். 1931இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள் அதில் 46 லட்சத்தைத் தாண்டின என்று 2021இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசே சொன்னது. உட்பிரிவு, பட்டப்பெயர், குலப்பெயர், எழுத்து வேறுபாடு எல்லாம் தனித்தனிச் சாதியாக விழுந்திருந்தன. அந்த 46 லட்சமும் யாரோ ஒருவர் வாசலில் நின்று கேட்டு, யாரோ ஒருவர் சொல்லி, கருவியில் தட்டப்பட்டவை. இந்த முறை அந்த வாசலில் என்ன கேட்கப்போகிறார்கள், சொன்னதை எப்படிப் பதியப்போகிறார்கள் என்பதைப் பற்றி நம் விவாதங்களில் இன்னும் ஒரு பேச்சும் காணோம்.