பூட்டிய வீட்டுக்குக் காப்பு எங்கே?

வலிகாமத்திலோ வடமராட்சியிலோ எந்த ஒழுங்கையால் நடந்தாலும் இன்று ஒரு காட்சி தவறாது கண்ணிற்படும். உயர்ந்த மதில், வர்ணம் பூசிய இரும்புப் படலை, உள்ளே இரண்டு மாடி வீடு, படலையிற் பெரியதொரு பூட்டு. உரிமையாளர் இலண்டனிலோ தொரன்ரோவிலோ இருப்பார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்து மூன்று நான்கு கிழமை தங்குவார். ஏனைய நாளெல்லாம் வீடு வௌவாலுக்கும் கறையானுக்கும் உரியது. சாவி தமையனாரிடமோ பக்கத்து வளவிலுள்ள கமக்காரரிடமோ இருக்கும். எமது வாசகருள் உரிமையாளர் சிலர். சாவி வைத்திருப்போர் பலர். யாம் ஈண்டுக் கூறுவது இரு திறத்தாருக்கும் உரியது.

இவ்வீடுகளுக்குக் காப்புறுதி உண்டா என்று வினவினால், “கல்வீட்டிலே எங்கே தீப்பிடிக்கப் போகிறது?” என்ற சிரிப்பே பெரும்பாலும் விடையாக வருகின்றது. அவ்வாறு சிரிப்போரைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. தம்மிடம் காப்பு இல்லை என்பதையாவது அவர்கள் அறிவர். “ஓம், பத்திரம் இருக்கிறது” என்று நிம்மதியாகக் கூறுவோரைப் பற்றியே எமது கவலை.

பிரித்தானிய மரபைத் தழுவிய தீக் காப்புறுதிப் பத்திரங்களில் நெடுங்காலமாக ஒரு நிபந்தனை இடம்பெற்று வருகின்றது. காப்புறுதி செய்த கட்டடம் முப்பது நாளுக்கு மேல் ஆளின்றிக் கிடக்குமானால், கம்பனியின் எழுத்து மூலமான இணக்கம் முன்கூட்டிப் பெறப்படாதவிடத்துக் காப்பு அற்றுப்போகும் என்பதே அதன் சாரம். சில பத்திரங்களில் நாட்கணக்கு வேறுபடும். சிலவற்றில் களவும் நீர்க்கசிவும் மட்டும் விலக்கப்படும். கருத்து ஒன்றே. ஆண்டிற் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, குடியிருக்கும் வீட்டுக்குரிய பத்திரத்தை வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் ஊரில் நிற்கும் அந்த மூன்று நான்கு கிழமைக்கும் அதையடுத்த ஒரு மாதத்துக்குமே காப்பு வாங்கியவராகின்றார். கட்டணமோ பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டப்படுகின்றது!

இதில் கம்பனிகளை மட்டும் குறைகூறுதல் முறையன்று. ஆள் இருக்கும் வீட்டில் குழாய் கசிந்தால் அன்றே தெரியும். பூட்டிய வீட்டிற் கசியும் நீர் மூன்று மாதத்தின் பின் சுவரை ஊறவைத்து நிலத்தைக் கிளப்பிய பிறகே தெரியவரும். மின்கம்பியில் எழும் பொறியும் அத்தகையதே. ஆபத்து மிகுந்ததற்கு நிபந்தனை மிகுவது நியாயமே. அந்த நிபந்தனையைக் கையெழுத்திடும் வேளையிற் சொல்லாது, நட்டஈடு கேட்கும் வேளையிற் சொல்லுவதுதான் அநியாயம்.

உரிமையாளரின் பிழையும் சிறிதன்று. விண்ணப்பத்தில் “குடியிருப்போர் உளர்” என்று எழுதிவிடுவது எளிது; கட்டணமும் குறையும். ஆயின் ஆயுட் காப்புறுதி, தீக் காப்புறுதி ஆகியவற்றில் இங்கிலாந்தின் சட்டமே இந்நாட்டிலும் செல்லும் என்று 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் விதித்தது. அச்சட்ட மரபின் முதல் விதி முழு நேர்மை. முக்கியமான உண்மையை மறைத்துப் பெற்ற பத்திரத்தைக் கம்பனி தள்ளிவிடலாம். பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடென்றே எழுதுங்கள். கட்டணம் கூடுமாயிற் கூடட்டும். அதற்குரிய இணக்கக் குறிப்பைப் பத்திரத்தோடு சேர்த்துப் பெறுங்கள். முகவர் வாய்மொழியாகத் தரும் உறுதி காற்றோடு போகும்.

அத்தகைய இணக்கத்தோடு கடமைகளும் வரும். பிரதான நீர்க்குழாயை மூடுதல், மின்சாரத்தைத் துண்டித்தல், குறித்த நாட்களுக்கொரு முறை வீட்டைத் திறந்து பார்த்தல் என்பன அவை. பார்ப்பவர் யார்? சாவி வைத்திருப்பவரே. கிழமைக்கொரு முறை பார்க்கவேண்டும் என்று பத்திரம் சொல்ல, அதனை அறியாத தமையனார் வெங்காய நடுகைக் காலத்தில் இரு மாதம் அந்தப் பக்கமே போகாதிருந்தால், போவது நட்டஈடு மட்டுமன்று. உடன்பிறந்தார் உறவும் போய்விடும். ஆதலாற் சாவியை வாங்குவோர் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்கவேண்டும் என்பது எமது உறுதியான எண்ணம். பார்த்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் நன்று. பயிர்க் காப்புறுதி செய்த கமக்காரருக்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. அழிவு நேர்ந்தால் உரிய காலத்துள் அறிவிக்காதவருக்கு என்ன நேரும் என்பதை அவர் அறிவார்.

இனி உறுதியைப் பார்ப்போம். வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கின்றது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கும் முதுசமாகப் பெறுவோருக்கும் விலக்குண்டு. இரட்டைக் குடியுரிமை பெறாத பலர் மைத்துனர் பெயரில் உறுதி முடித்துத் தம் பணத்தில் வீடு கட்டுகின்றனர். அவ்வீட்டுக்குத் தம் பெயரிற் காப்புறுதி எடுத்தால், “உமக்கு இதில் என்ன உரித்து?” என்ற கேள்விக்கு விடை இராது. மனைவியின் சீதன வீட்டுக்குக் கணவர் தம் பெயரிற் பத்திரம் எடுப்பதும் இதே சிக்கலையே விளைக்கும். உறுதியிலுள்ள பெயரும் பத்திரத்திலுள்ள பெயரும் ஒன்றாதல் வேண்டும். உரிமையாளர் கடல்கடந்து இருக்கையில் இங்கே கையொப்பமிட அற்றோணித் தத்துவம் பெற்ற ஒருவரும் வேண்டும்.

தொகையைக் குறித்தும் ஒரு சொல். மீளக் கட்ட மூன்று கோடி ரூபா வேண்டிய வீட்டை ஒன்றரைக் கோடிக்குக் காப்புறுதி செய்திருந்தால், நாற்பது இலட்சம் நட்டத்துக்குச் சராசரி வாசகத்தின்படி இருபது இலட்சமே கிடைக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டிற்று. அதற்கு முன் குறித்த தொகையைத் திருத்தாமலே புதுப்பித்து வருவோர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி எந்தெந்த அழிவுக்குக் காப்பு என்பதே. 2008இல் நிஷா சூறாவளியின் வெள்ளத்தை யாழ்ப்பாணம் கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதையும் உலுக்கிற்று. 1983 ஜூலையில் எரிந்த வீடுகளையும் கடைகளையும் கண்ட மக்களுக்குக் ‘கலகம்’ என்ற சொல்லின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆயின் கலகம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு இங்கே மேலதிகக் கட்டணம் செலுத்திப் பெறவேண்டிய ஒன்று. அதற்கான நிதி 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் வசமுள்ளது. கேளாதவருக்கு அக்காப்பு இல்லை.

ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரை நெடுகிலும் பிரித்தானியரும் ஜேர்மானியரும் விடுமுறை வீடுகள் வைத்திருக்கின்றனர். அவையும் பெரும்பாலான நாட்களிற் பூட்டியே கிடப்பன. அந்நாட்டில் உள்நாட்டுப் போர் விளைத்த நட்டங்களைத் தீர்க்க 1941இல் தோன்றிய அரச காப்புறுதி நிறுவனம், 1954 முதல் நிலையான அமைப்பாகியது. வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் ஒவ்வொன்றிலும் அதற்கென ஒரு சிறு தொகை சேர்த்தே அறவிடப்படுகின்றது. வெள்ளம், கலகம், பயங்கரவாதம் எது நேரினும் அந்நிறுவனமே நட்டஈடு தருகின்றது. உரிமையாளர் எந்த நாட்டவர், எங்கே வாழ்பவர் என்பது அங்கே பொருட்டன்று. வீடு அந்நாட்டில் இருந்து, பத்திரமும் நடப்பில் இருந்தாற் போதும். 2024 ஒக்ரோபர் 29இல் வலென்சியாவை மூழ்கடித்த வெள்ளத்தின் பின் உரிமை கோரிக்கைகள் சென்றது அங்கேதான். பிரான்சும் 1982 ஜூலைச் சட்டத்தால் இயற்கை அனர்த்தக் காப்பை வீட்டுப் பத்திரங்களோடு கட்டாயமாக இணைத்துவிட்டது.

இங்கு அவ்வாறு செய்யத் தடை யாது? அனர்த்தக் காப்பும் கலகக் காப்பும் வீட்டுப் பத்திரத்தோடு தாமே சேரவேண்டும் என்று அரசிடம் கேட்கின்றோம். பூட்டிய வீட்டுக்கென்றே தனிப் பத்திரம் ஒன்றை, நிபந்தனை முழுவதும் தெளிந்த தமிழில் அச்சிட்டுத் தருமாறு கம்பனிகளிடம் கேட்கின்றோம். அவை வரும்வரை வீடுகள் காத்திரா. அடுத்த திருவிழாவுக்கு வருவோர் மதிலுக்கு வர்ணம் பூச ஆள் பிடிக்குமுன், உறுதியையும் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, சாவி வைத்திருப்பவரையும் கூட்டிச்சென்று, ஒரு சட்டத்தரணி முன் அரைநாள் இருப்பார்களாக.