ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?

"எவன் வந்தாலும் நமக்கு அதே மரம், அதே மங்கு. ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?"

பெரட்டுக் களத்திலும் ஆபீஸ் தாழ்வாரத்திலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். விடியுமுன் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறவர்கள். ஓட்டுச் சாவடியில் மணிக்கணக்கில் கால் கடுக்க நின்றவர்கள். அவர்களுடைய சலிப்பில் நியாயம் இருக்கிறது. "ஆகவே போடாமலே இருந்துவிடலாம்" என்னும் முடிவில்தான் நியாயம் இல்லை என்கிறோம்.

ஓட்டே இல்லாமற் போனால் எப்படியிருக்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். நம் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதியில் செம்போங், ரந்தாவ், கோத்தா என்று மூன்று சட்டசபைத் தொகுதிகள் உண்டு. 2018 ஏப்ரல் 28ஆம் தேதி வேட்புமனுத் தாக்கல் நாள். ரந்தாவில் அப்போதைய மந்திரி பெசார் முகமது ஹசானை எதிர்த்து நிற்க வந்தார் டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி. நுழைவுச் சீட்டு இல்லை என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார். மனுக் கொடுக்கும் நேரமும் முடிந்தது. எதிர்ப்பார் இல்லையென்று முகமது ஹசான் போட்டியின்றி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

மே 9ஆம் தேதி பக்கத்துத் தொகுதிக்காரருக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு. ரந்தாவ்காரருக்கு நாடாளுமன்றத்துக்கான ஒரே சீட்டு. அன்று நெகிரி செம்பிலானில் ஆட்சியே மாறிற்று. மாற்ற வேண்டும் என்றவர் கணக்கிலும் ரந்தாவ் இல்லை. வேண்டாம் என்றவர் கணக்கிலும் இல்லை. முகமது ஹசானுக்கே போட நினைத்தவருக்கும் சட்டசபை ஓட்டு இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

கணக்குப் புத்தகத்தோடு வாழும் கிராணிமாருக்கு இது சட்டென்று விளங்கும். பெரட்டுக்கு வந்த ஆளை வாசலில் நிறுத்திவிட்டு, மாலையில் செக்ரோலில் 'ஆள் வரவில்லை' என்று எழுதினால் எந்தச் சங்கம் பொறுத்துக்கொள்ளும்?

வழக்கு நடந்தது. 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏப்ரல் 13ஆம் தேதி இடைத் தேர்தல். நால்வர் நின்றார்கள், முகமது ஹசான் 4,510 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். "கடைசியில் அவர்தானே வந்தார், இதற்கா இத்தனை பாடு?" என்று சிலர் சிரித்தார்கள். வரட்டுமே! இந்த முறை ஓட்டால் வந்தார். முந்திய ஆண்டில் ஒரு சீட்டுக்கும் ஆகாதவர்களாயிருந்த அதே ஜனங்களின் வாசலை இப்போது இரு தரப்பும் தேடி வந்தன. நம்மீது திடீர்ப் பாசம் பொங்கியா வந்தார்கள்? ஓட்டு வேண்டியிருந்தது, வந்தார்கள்.

குறைந்தபட்சச் சம்பளத்தையும் பாருங்கள். தீபகற்பத்தில் 900 வெள்ளி நடப்புக்கு வந்தது 2013 ஜனவரியில். அவ்வாண்டு மே மாதம் பொதுத் தேர்தல். 1,500 வெள்ளி ஆனது 2022 மே மாதம். நவம்பரில் பொதுத் தேர்தல். தற்செயல் என்போர் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். 1,700 வெள்ளி ஆனது 2025 பிப்ரவரியில். அப்போது பொதுத் தேர்தல் எதுவும் பக்கத்தில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

இனி நம் மனத்தை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். ரந்தாவ் இடைத் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற பக்காத்தானும் பாரிசானும், 2022 பொதுத் தேர்தல் முடிந்ததும் ஒரே சர்க்காரில் அமர்ந்தன. 2023 ஆகஸ்ட் சட்டசபைத் தேர்தலில் ஒரே மேடையிலேயே ஏறின. கூட்டுச் சேரச் சட்டம் தடையில்லை. ஆட்சிக்குத் தலை எண்ணிக்கை வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் நேற்று ஒருவர் மற்றவரை ஏசியதை நம்பி ஓட்டுப் போட்ட பால்மரத் தொழிலாளி யாரை நொந்துகொள்வான்? அவனிடம் வந்து, "இன்ன காரணத்தால் இப்படிச் செய்தோம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லவா?

இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இந்நாட்டில் ஓட்டு இல்லை. 1955ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோரும் குடியுரிமையின்றி அப்படித்தான் இருந்தார்கள். ஓட்டில்லாத வீட்டின் கூரை ஒழுகுவதை அண்ணாந்து பார்த்த அபேட்சகர் எவரையும் நாம் கண்டதில்லை. நம் பிள்ளைகளோ, 2021 டிசம்பர் முதல், 18 வயதானதும் விண்ணப்பம் போடாமலே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். அவர்கள் காதுபட "ஓட்டால் ஒன்றுமில்லை" என்று பேசுகிறோமே!

கிளைத் தோழர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், எந்தக் கட்சி அபேட்சகர் தோட்டத்துக்கு வந்தாலும், மரியாதையாக உட்கார வைப்போம். வீட்டுப் பிரச்சினையா, சம்பளமா, தமிழ்ப்பள்ளியா, அவர் தருகிற வாக்குறுதியை அங்கேயே தேதியிட்டு நோட்டில் எழுதிப் படித்துக் காட்டி, கீழே அவருடைய கையெழுத்தை வாங்குவோம். போட மறுப்பவருக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம். நோட்டுக்கு நாற்பது பக்கம் போதும்.