சிவனொளிபாதமலைத் தவளையும் தேயிலை நிலமும்

இலங்கையின் சிவனொளிபாதமலைக் காட்டில் 2009ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்ட, உடலெங்கும் புள்ளிகள் சிதறிய சிறு மரத்தவளை, அரசியல் நோக்கர்களின் கவனத்துக்கும் உரியது. 1853இல் கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்த பின்னர் ஒன்றரை நூற்றாண்டாக எவர் கண்ணிலும் படாததால், அழிந்த இனமாகவே அது பதியப்பட்டிருந்தது.

இவ்வகைத் தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேரடியாகத் தவளைக் குஞ்சே வெளிவரும். குளமோ ஓடையோ வேண்டியதில்லை, காட்டின் ஈரம் போதும். மரங்கள் போனால் அந்த ஈரமும் போய்விடும்.

கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் மலைக்காடு வெட்டப்பட்டது. நிலத்தை விற்றது காலனித்துவ அரசு, வாங்கியவர்கள் தோட்ட முதலாளிகள். தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களில் லயன் அறைகளில் வாழ்வோர் பலருக்கு இன்றும் காணி உறுதி இல்லை.

இந்தக் காடு 2010இல் உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் காட்டோரத்தில் விறகு பொறுக்குவோரைத் தடுப்பதுடன் பாதுகாப்பு முடிந்துவிடாது. காட்டை ஒட்டிய சரிவுகளில் மீண்டும் மரம் வளர்க்கும் பொறுப்பை, அந்நிலங்களைக் குத்தகைக்கு வைத்திருக்கும் தோட்டக் கம்பெனிகளிடமே கொழும்பு கேட்க வேண்டும்.