கடைசிக் குழாயின் தண்ணீரைச் சோதியுங்கள்

ஃபில்டர் விற்பவர்கள் இப்போது நம் தெருக்களுக்கும் வருகிறார்கள். போன மாதம் எங்கள் காலனிக்கு வந்தவர் இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிச் சாக்கடைபோலத் திரண்டது. "இதைத்தான் உங்க பிள்ளைங்க குடிக்குது" என்றார். அன்றைக்கே நான்கு வீடுகள் மெஷினுக்கு முன்பணம் கட்டின. நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து கட்டிய பணம் அது.

தோழர்களே, அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. அந்தக் கம்பிகளில் இரும்பும் உண்டு. உப்பு கலந்த நீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்ஓ நீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அடுத்த முறை வந்தால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

அவர் கையிலிருந்த டிடிஎஸ் மீட்டரும் முழு உண்மையைச் சொல்லாது. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டும் அது தோராயமாகக் காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது, கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது. 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால்தான் தெரிந்தது. அந்த வழக்கு எங்கே போய் நின்றது என்பதும் நமக்குத் தெரியும். 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட மக்களிலிருந்தே மூவரைக் குற்றவாளிகளாகக் காட்டியது. அம்மக்கள் அதை ஏற்கவில்லை.

அப்படியென்றால் நம் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீரா? பல இடங்களில் இல்லை. ஆனால் அதற்கான காரணத்தை ஃபில்டர் விற்பவர் சொல்ல மாட்டார். தொட்டி ஊர்த்தெருவில் இருக்கிறது, குழாய் அங்கிருந்து கிளம்பி ஊர் முழுக்கச் சுற்றிக் கடைசியில் சேரிக்கு வருகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, அரைமணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கும். அப்போது பக்கத்துச் சாக்கடை நீர் கசியும் இணைப்புகள் வழியாகக் குழாய்க்குள் இழுக்கப்படும். தொட்டியில் போட்ட குளோரினும் கடைசிக் குழாய்க்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். தொட்டியடியில் எடுத்த மாதிரி 'பாதுகாப்பானது' என்று சான்று வாங்கும், கடைசி வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். குழாயை எந்தத் தெருவில் முடிப்பது என்று முடிவு செய்தவர்கள் யார்? அந்த முடிவில் சாதி இல்லை என்று சொல்ல முடியுமா?

தண்ணீரைச் 'சுத்திகரிப்பது' சாதிக்குப் புதிய வேலை அல்ல. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் மகத் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சொன்ன சாதி இந்துக்கள், அதைச் 'சுத்தப்படுத்த' 108 பானைகளில் சாணமும் மாட்டுச் சிறுநீரும் பாலும் தயிரும் நெய்யும் கலந்து கொட்டினார்கள். குடிநீரில் சாணத்தைக் கொட்டுவதுதான் அவர்களுக்குச் சுத்தம்! நமக்குச் சுத்தம் என்பது ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடியது. 100 மில்லி நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவுகோலைத்தான் நாம் கையில் எடுக்க வேண்டும்.

ஆகவே முதலில் சோதனை, பிறகுதான் ஃபில்டர். ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். கிருமிச் சோதனைக் குப்பியில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்துவிட்டால் மலக்கிருமி இருக்கக்கூடும் என்று பொருள். உறுதிப்படுத்த, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி கொடுங்கள். தொட்டியடியில் ஒன்று, கடைசிக் குழாயில் ஒன்று என இரண்டு மாதிரி எடுங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

அறிக்கை வந்ததும் இந்த எண்களைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் 500 வரை நல்லது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஃபுளோரைடு 1 வரை நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. குழாய் முனையில் குளோரின் குறைந்தது 0.2 இருக்க வேண்டும்.

கிருமி மட்டும்தான் சிக்கல் என்றால் ஆர்ஓ வேண்டாம். தளதளவெனக் கொதிக்கவைத்துக் குடித்தாலே போதும். விறகோ கேஸோ கட்டுப்படியாகாது என்றால் யுஎஃப் ஃபில்டர் பாருங்கள், அதற்குக் கரண்ட் தேவையில்லை. யுவி ஃபில்டருக்குக் கரண்டும் வேண்டும், தண்ணீர் கலங்கலின்றித் தெளிவாகவும் இருக்க வேண்டும். கரி ஃபில்டர் வாடையை நீக்கும், அதை மட்டும் நம்பிக் கிருமி போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

ஃபுளோரைடு, நைட்ரேட், அதிக உப்பு என்றால் கொதிக்கவைப்பதில் பயனில்லை. நீர் ஆவியாகி அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோழர்களுக்குப் பல்லில் விழும் பழுப்புக் கறையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்கே போர்வெல் நீரைக் குடிப்பவர்களுக்கு ஆர்ஓ உண்மையாகவே உதவும். ஆனால் வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே விடும். வரிசையில் நின்று ஆறு குடம் பிடிக்கும் வீட்டில் அதன் அர்த்தம் என்ன என்று கணக்குப் போடுங்கள். வாங்கும் விலையோடு, வருடா வருடம் மாற்ற வேண்டிய உறைகளுக்கும் மெம்ப்ரேனுக்கும் என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள்.

நம்மில் சிலர், ஃபில்டர் வாங்குவதே தனியார்மயத்திடம் சரணடைவது என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. பிள்ளையின் வயிறு போராட்டம் முடியும்வரை காத்திருக்காது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். வசதி வந்த நான்கு வீடுகள் ஃபில்டர் வாங்கியதும் குழாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டால், வாங்க முடியாத நாற்பது வீடுகளுக்காக யார் பேசுவது? படித்து முடித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகள்தான் அந்த நான்கு வீடுகள். இதைச் சொல்லும்போது நாமும் நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

ஃபில்டர் நமக்குத் தற்காலிகக் காப்பு. ஆய்வக அறிக்கை நம் ஆயுதம். தொட்டியடி அறிக்கை சுத்தம், கடைசிக் குழாய் அறிக்கை அசுத்தம் என்று வந்தால், பாகுபாடு எண்களாகவே நம் கையில் இருக்கும். தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, குளோரின் பதிவேடு எங்கே, காலனிக் குழாய் எந்த ஆண்டு போடப்பட்டது என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். நம் மக்கள் பயன்படுத்தும் நீரை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம் என்பதையும் தெரிந்துவையுங்கள்.

மகத் நாள் மார்ச் 20. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாடெங்கும் கிராம சபை கூட வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு நாள். அண்ணல் படத்துக்கு மாலை போடும் கையோடு கடைசிக் குழாயின் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போவோம். புதுக் குழாயும் தினசரி தண்ணீரும் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்வோம். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்வோம்.