மர்மப் பையும் நிம்மதிப் பெருமூச்சும்

"பஸ் நிலையத்தில் மர்மப் பையால் பரபரப்பு". இந்தச் செய்தி அடிக்கடி உங்கள் கண்ணில் படுகிறதா இல்லையா? ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் அச்சு மாறாமல் அதேதான். கேட்பாரற்றுக் கிடந்த பை, பயணிகள் அலறியடித்து ஓட்டம், மோப்ப நாய் வருகை, சோதனையில் உள்ளே இருந்தது பழைய துணிகள், போலீசார் நிம்மதிப் பெருமூச்சு. முற்றும்.

இந்தச் செய்தியில் ஒரே ஒரு ஆளை மட்டும் எப்போதும் காணோம். பையை முதலில் பார்த்துத் தகவல் சொன்ன ஆள். "பொதுமக்கள் கொடுத்த தகவலின் பேரில்" என்ற நாலு வார்த்தையில் அவர் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆச்சு? இந்தக் கட்டுரை அவரைப் பற்றித்தான்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். மர்மப் பொருளைக் கண்டால் தகவல் கொடுங்கள் என்று ஒலிபெருக்கியில் நம்மைக் கெஞ்சுகிறவர்கள், தகவல் கொடுத்தவனைக் குற்றவாளி போல நடத்துகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தால், வைத்திருக்கும் ஸ்கேனர், கேமரா, மோப்ப நாய் எல்லாவற்றையும் பாதி வீணாக்குகிறார்கள்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. போன வருடம் ஒரு சாயங்காலம், கல்லூரி முடிந்து நானும் நண்பன் ரஃபீக்கும் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தோம். எந்த நிலையம் என்பது வேண்டாம். பெஞ்சுக்கு அடியில் கறுப்பு ரெக்சின் பை ஒன்று, சுவரோரமாகத் தள்ளி வைத்த மாதிரி கிடந்தது. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டோம், யாருடையதும் இல்லை. ரஃபீக்தான் போய் அங்கிருந்த போலீஸ்காரரிடம் சொன்னான்.

முதல் கேள்வி பை எங்கே இருக்கிறது என்பது இல்லை. "உன் பேர் என்ன?" என்பதுதான். பேரைச் சொன்னதும் அடுத்த கேள்விகள் வரிசையாக வந்தன. எந்தக் காலேஜ், ஐ.டி. கார்டு எங்கே, அப்பா என்ன வேலை, சொந்த ஊர் எது, நீ எதுக்குப்பா பெஞ்சுக்கு அடியில எல்லாம் பார்த்தே? கூடவே நின்ற என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை. இத்தனைக்கும் அந்த நேரம் முழுக்க அந்த பெஞ்சில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பிறகு அவர் நிதானமாக வந்து பையை லத்தியால் இரண்டு குத்து குத்தினார். ஜிப்பைத் திறந்தார். உள்ளே டிபன் பாக்ஸ், ஒரு லுங்கி, ஸ்பேனர் செட். யாரோ பிளம்பர் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ரஃபீக்கின் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் நோட்டில் எழுதிக்கொண்டு, கூடவே ஒரு அறிவுரையும் கொடுத்து அனுப்பினார்: "படிக்கிற பையன், உனக்கு எதுக்குப்பா ஊர் வம்பு?"

ரயிலில் ரஃபீக் சொன்னது: "அடுத்த தடவை பார்த்தா பேசாம வேற பெட்டியில ஏறிடுவேன்டா." அவனைத் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பி.காம். மாணவன், எதையும் வரவு செலவாகப் பார்த்தே பழகிவிட்டது. இதற்கும் கணக்கு போட்டுப் பார்த்தேன். தகவல் சொல்கிறவனுக்குச் செலவு: ஒரு மணி நேரம், இரண்டு ரயில், அவமானம், நோட்டில் ஏறிய முகவரி. வரவு: பூஜ்யம். பார்த்தும் பார்க்காதது போலப் போனால் செலவும் பூஜ்யம். சரி, போலீஸ்காரர் பக்கம் வருவோம். அவர் சீரியஸாக எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தைக் காலி செய்து, உள்ளே லுங்கி இருந்தால் மேலதிகாரி காய்ச்சி எடுப்பார். லத்தியால் குத்திப் பார்த்து லுங்கி இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. அநேகமாக எல்லாத் தடவையும் லுங்கிதான் இருக்கிறது. ஆக, தப்பான பழக்கத்துக்கு ஒவ்வொரு நாளும் பரிசு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இதுவரை பணம் காணாமல் போகவில்லை என்பதற்காகப் பூட்டு நல்ல பூட்டு என்று எந்த ஆடிட்டரும் எழுதித் தர மாட்டார்.

லுங்கி இல்லாத நாளும் வந்திருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம் விமான நிலையம். கொழும்பு விமானத்துக்காகக் கொண்டுவரப்பட்ட பெட்டிகள் ஏற்றப்படாமல் கிடந்தன. பெட்டிக்குரிய ஆள் விமானம் ஏறவில்லை. குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. அப்படியும் பெட்டிகள் நேரத்துக்கு அப்புறப்படுத்தப்படவில்லை. இரவு 11 மணிக்குச் சற்று முன்னால் வெடித்தது. 30 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த வருடம், 1985 ஜூன் 23ல், ஏறாத பயணியின் பெட்டியால் ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேலே வெடித்து 329 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. இன்று வெளிநாட்டு விமானத்தில் பயணி ஏறவில்லை என்றால் அவர் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். விமானத்தில் போகிறவனுக்குக் கிடைத்த இந்த முறை, மின்சார ரயிலிலும் டவுன் பஸ்ஸிலும் போகிறவனுக்கு ஏன் இல்லை? சென்னை சென்ட்ரலில் 2014 மே 1 அன்று குவஹாத்தி ரயிலில் இரண்டு குண்டுகள் வெடித்து ஒரு இளம்பெண் இறந்தாரே, அதுவும் பயணிகள் பெட்டிக்குள்தானே நடந்தது?

தகவல் கொடுத்தவனைச் சந்தேகப்படுவதில் நாம் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரிச்சர்ட் ஜுவல் என்ற காவலாளி, பூங்காவில் பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையைப் பார்த்துத் தகவல் சொன்னார், கூட்டத்தை நகர்த்தவும் உதவினார். குண்டு வெடித்தது, ஆனால் அவரால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். சில நாள் கழித்து எஃப்.பி.ஐ.யின் சந்தேகம் அவர் மேலேயே விழுந்தது, பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கப்போட்டன. அவர் மேல் சந்தேகம் இல்லை என்று அரசு எழுதித் தர அக்டோபர் கடைசி ஆனது. உண்மையான குற்றவாளி எரிக் ருடால்ஃப் ஒப்புக்கொண்டது 2005ல்! இதைவிடக் கொடுமை, அதே இரவில் குண்டு இருக்கிறது என்று 911க்கு ஒரு அழைப்பு வந்தது. பூங்காவின் முகவரி கணினியில் இல்லை என்று தேடித்தேடியே பொன்னான நிமிடங்களைத் தொலைத்தார்கள்.

நம்மூர் முகவரிப் பிரச்சினை வேறு மாதிரி. பிளாட்பாரத்தில் ஆர்.பி.எஃப். இருப்பார், அவர் மத்திய அரசு. ரயில்வே போலீஸ் இருப்பார், அவர் மாநில அரசு. படியிறங்கி வெளியே வந்தால் உள்ளூர் ஸ்டேஷன். பை படிக்கட்டில் கிடந்தால் யாரிடம் சொல்வது? 182 என்று ரயில்வேக்கு ஒரு பாதுகாப்பு எண் இருந்தது, 2021ல் அதை 139ல் சேர்த்துவிட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு 139 தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

"புரளி கிளப்புகிறவன் அதிகம், அதனால்தான் விசாரிக்கிறோம்" என்பார்கள். புரளி நிஜம்தான். 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 பள்ளிகளுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்து பெற்றோர்கள் அழுதுகொண்டே ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் புரளிக்காரன் முகத்தைக் காட்டாமல் எங்கேயோ ஒளிந்திருக்கிறான். எதிரில் வந்து நின்று "சார், அதோ அந்தப் பை" என்று கை காட்டுகிறவனும் அவனும் ஒன்றா? விசாரிக்க வேண்டும் என்றால் விசாரியுங்கள். முதலில் அந்த அம்மாவையும் குழந்தையையும் எழுப்புங்கள், பெயரை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"ஒவ்வொரு பைக்கும் ஸ்டேஷனைக் காலி செய்தால் ரயில் ஓடுமா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமானதுதான், இதற்கு வழி இருக்கிறது. பிரிட்டன் ரயில்வே போலீஸ் மூன்றே கேள்விகளை வைத்திருக்கிறது. பொருள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா? வயர், பேட்டரி என்று பார்த்தாலே சந்தேகம் வருகிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கக்கூடிய பொருள்தானா? இதை வைத்துத்தான் மறந்துவிட்டுப் போன பையையும் வில்லங்கமான பையையும் பிரிக்கிறார்கள். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை, ஒரு நாள் பயிற்சி போதும்.

தகவல் சொல்கிறவனுக்குப் பாதுகாப்பு கொடுப்பதும் நம் நாட்டுக்குப் புதிதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்கப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். 2016ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். உதவி செய்தவனைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று விதியே வந்தது. 2021ல் மத்திய அரசு 5,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. அடிபட்டவனைத் தூக்குகிறவனுக்குக் கொடுத்த இந்த மரியாதையை, அடிபடாமல் தடுக்கப் பார்க்கிறவனுக்கும் கொடுத்தால் என்ன?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை:

1. தகவல் வந்ததும் முதல் வேலை ஆட்களை விலக்குவது. அப்புறம்தான் கேள்வி.
2. பையை லத்தியால் குத்துவதும் காலால் தள்ளுவதும் கூடாது. செய்தால் நடவடிக்கை.
3. எந்தச் சீருடைக்காரரிடம் சொன்னாலும் அவரே பொறுப்பு. "அங்கே போய்ச் சொல்லு" கிடையாது.
4. பெயர், முகவரி கொடுப்பது தகவல் சொல்பவரின் விருப்பம்.
5. உள்ளே இருந்தது லுங்கியாகவே இருந்தாலும் ஒரு "நன்றி தம்பி".

ஐந்தாவதைச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள், எனக்கு அதுதான் முக்கியம். ரஃபீக் தினமும் அதே ரயிலில்தான் வருகிறான், அதே பிளாட்பாரத்தில்தான் நிற்கிறான். அவனைப் போலக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற ஆயிரம் பேர் அங்கே நிற்கிறார்கள். எந்த அரசாங்கமும் சம்பளம் கொடுத்து அத்தனை காவலர்களை அங்கே நிறுத்த முடியாது. சும்மா கிடைத்த அந்தக் கண்களை விரட்டிவிட்டு, பரபரப்பு அடங்கியதும் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்களே, எந்த நம்பிக்கையில்?