நியூ ஓர்லியன்ஸ் சிறைச்சாலையும் 'பொதுமக்களின் ஆத்திரமும்'

'ஆத்திரமடைந்த பொதுமக்கள்' என்ற சொற்றொடரை ஒருபோதும் பயன்படுத்தாத பத்திரிகை உலகில் எங்கேனும் இருக்குமா என்பது சந்தேகமே. ஒரு கும்பல் மனிதர்களைக் கொன்று தீர்த்ததும் செய்தி எழுதுபவருக்கு உடனடியாகக் கைகொடுப்பது இந்தச் சொற்றொடர்தான். அதில் பெரிய வசதி ஒன்று உண்டு. பொதுமக்கள் என்று எழுதினால் எவருடைய பெயரையும் எழுத வேண்டியதில்லை. ஆத்திரம் என்று எழுதினால் முன்கூட்டியே திட்டமிட்டவர் எவரும் இல்லை என்றாகிவிடும். வெள்ளத்தின் மீதும் புயலின் மீதும் எவரும் வழக்குத் தொடர்வதில்லை அல்லவா?

இந்தத் தொழிலிலேயே தலை நரைத்துப் போனவன் என்ற வகையில் இச்சொற்றொடர் மீது எனக்குத் தீராத பகை உண்டு. அதற்கான காரணத்தை விளக்குவதற்கு, 1891 மார்ச் 14ஆம் திகதி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடந்ததைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் கண்டதில்லை.

லூசியானா மாநிலத்தின் கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பில் செழித்தவை. 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் தோட்ட முதலாளிமார் மலிவான கூலிகளைத் தேடினர். சிசிலித் தீவின் பலெர்மோ துறைமுகத்திலிருந்து எலுமிச்சையும் தோடம்பழமும் ஏற்றிவந்த கப்பல்கள் ஏழைக் குடியானவர்களையும் ஏற்றிவரத் தொடங்கின. வந்தவர்கள் கறுப்பின மக்களோடு ஒரே வயலில் வேலை செய்தார்கள். அவர்களுக்குப் பொருட்களை விற்றார்கள். அவர்களுடன் சமமாகப் பழகினார்கள். வெள்ளையரின் பார்வையில் அது மன்னிக்க முடியாத குற்றம். கையைக் கேட்டவர்களுக்கு, அந்தக் கையோடு ஒரு மனிதனும் வந்து சேர்ந்ததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1890 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு நகரப் பொலிஸ் தலைவர் டேவிட் ஹென்னஸி தமது வீட்டுக்கு அருகில் சுடப்பட்டார். இத்தாலியர்களைக் குறிக்கும் 'டேகோ' என்ற இழிசொல்லை அவர் உச்சரித்ததாக ஒரு பொலிஸ் அதிகாரி கூறினார். மறுநாள் இறக்கும்வரை வைத்தியசாலையில் நினைவோடிருந்து நண்பர்களுடன் பேசிய ஹென்னஸி, தம்மைச் சுட்டவர் இன்னார் என்று எவருடைய பெயரையும் கூறவில்லை. ஆயினும் அந்த ஒற்றைச் சொல் போதுமானதாயிற்று. அகப்படும் இத்தாலியர் அனைவரையும் கைது செய்யுமாறு நகர மேயர் ஜோசப் ஷேக்ஸ்பியர் உத்தரவிட்டார். இருநூறுக்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டனர். துறைமுகத்தில் பழம் இறக்கும் ஒப்பந்தத்துக்காக இரு சிசிலியக் குடும்பங்கள் மோதிக்கொண்டிருந்தது உண்மையே. ஆனால் இரண்டு குடும்பங்களின் பகையை ஓர் இனத்தின் இரத்தக் குணமாக மாற்றுவதற்கு 'மாபியா' என்ற சொல் ஒன்றே பத்திரிகைகளுக்குப் போதுமாக இருந்தது.

பத்தொன்பது பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்பட்டது. அவர்களுள் ஒன்பது பேரின் விசாரணை 1891 பெப்ரவரியில் ஆரம்பமானது. மார்ச் 13ஆம் திகதி தீர்ப்பு வந்தது. ஆறு பேர் விடுவிக்கப்பட்டனர். மற்றைய மூவர் விடயத்தில் ஜூரிமாரால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. குற்றவாளியாகக் காணப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. இன்னொரு குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தமையால், விடுதலை பெற்றவர்களும் அன்றிரவு சிறைக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

மறுநாள் காலைப் பத்திரிகைகளில் ஓர் அறிவித்தல் வெளியாயிற்று. ஹென்னஸி வழக்கில் தவறிப்போன நீதியைச் சரிசெய்வதற்காக, காலை பத்து மணிக்கு ஹென்றி கிளேயின் சிலையடியில் கூடுமாறும், செயலுக்குத் தயாராக வருமாறும் நல்ல குடிமக்களை அது அழைத்தது. அதன் கீழே நகரின் முக்கியஸ்தர்கள் தங்கள் பெயர்களை வெளிப்படையாகவே போட்டிருந்தார்கள். சிலையடியில் முழங்கியவர் வில்லியம் பார்க்கர்சன் என்ற சட்டத்தரணி; மேயரின் அரசியல் அணியைச் சேர்ந்தவர். கூட்டத்தை வழிநடத்தியவர்களுள் இன்னொருவர் ஜோன் விக்ளிஃப். 'நியூ டெல்ட்டா' பத்திரிகையின் ஆசிரியர். ஆம், பத்திரிகை ஆசிரியர்தான். ஆயிரக்கணக்கானோர் சிறைச்சாலையை நோக்கிச் சென்றார்கள். இத்தாலியக் கொன்சல் ஆளுநரிடம் ஓடினார். மேயர் கேட்டுக்கொண்டாலன்றித் தம்மால் தலையிட முடியாது என்றார் ஆளுநர். மேயரோ தேடியபோது அகப்படவில்லை.

சிறைக் கதவு உடைக்கப்பட்டது. ஆயுதம் தாங்கிய குழுவொன்று உள்ளே சென்று, ஒளிந்திருந்தவர்களைத் தேடித்தேடிச் சுட்டது. இருவர் வெளியே இழுத்துவரப்பட்டுக் கூட்டத்தின் முன் தூக்கிலிடப்பட்டனர். மொத்தம் பதினொரு பேர் கொல்லப்பட்டனர். சுட்டவர்களுக்குச் சமிக்ஞையாகச் சீழ்க்கை அடித்தான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையான பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தப்பிவிட்டான். அவனைப் போலவே விடுதலையான அவனது தந்தை தப்பவில்லை. கொல்லப்பட்ட பழ வணிகர் ஜோசப் மாச்சேக்கா அமெரிக்க மண்ணிலேயே பிறந்தவர். பிறந்த மண்ணிலும் அவர் வந்தேறியாகவே செத்தார்.

இங்கே ஆத்திரமடைந்த பொதுமக்கள் எங்கே இருக்கிறார்கள்? நேரம் குறிக்கப்பட்டது. இடம் குறிக்கப்பட்டது. அழைப்பு அச்சிடப்பட்டது. அச்சுக் கோத்தவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாக அடுக்கியபோது அவரது கை நடுங்கியதா என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆத்திரம் அச்சுக் கோத்து வெளிவருவதில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஓர் அறிவித்தல் பத்திரிகையில் இடம்பெறுவதற்கு முன் எத்தனை கைகளைக் கடக்க வேண்டும் என்பதை இத்தொழிலில் இருப்பவர் எவரும் அறிவர். அத்தனை கைகளில் ஒன்றுகூட அதைத் தடுக்கவில்லை.

ஜூரிமார் விலைக்கு வாங்கப்பட்டார்கள், அதனால்தான் மக்கள் சட்டத்தைக் கையிலெடுத்தார்கள் என்று அன்று வாதாடியவர்கள் உண்டு, இன்றும் உண்டு. ஒரு பேச்சுக்கு அதை ஒப்புக்கொள்வோம். கொல்லப்பட்ட பதினொரு பேரில் விடுதலை பெற்றவர்கள் மூவர். ஜூரிமார் முடிவுக்கு வர முடியாது போனவர்கள் மூவர். எஞ்சிய ஐவர் இன்னமும் விசாரணைக்கே எடுக்கப்படாதவர்கள். அவர்களுக்காக எந்த ஜூரி, எப்போது விலைக்கு வாங்கப்பட்டது? தவறான தீர்ப்பைத் திருத்தப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர்கள், தீர்ப்பே வழங்கப்படாதவர்களைக் கொன்றார்கள். திருத்தப்பட்டது தீர்ப்பல்ல. இத்தாலியனுக்கும் வழக்காட உரிமை உண்டு, அவனும் வழக்கில் வெல்லலாம் என்ற நிலைமையே அன்று திருத்தப்பட்டது.

அடுத்து வந்த நாட்களில் 'நியூயோர்க் டைம்ஸ்' சிசிலியர்களைக் கொள்ளையரினதும் கொலைகாரரினதும் வழித்தோன்றல்கள் என வர்ணித்தது. நகரத்தாருக்கு வேறு வழி இருக்கவில்லை என்ற தொனியிலும் எழுதியது. அப்போது சிவில் சேவை ஆணையாளர்களுள் ஒருவராக இருந்து, பத்து வருடங்களின் பின் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட், இது ஒரு வகையில் நல்ல காரியமே என்று தமது சகோதரிக்குக் கடிதம் எழுதினார். விசாரித்த பெருஞ்ஜூரி சபையோ, சம்பந்தப்பட்டவர்களுள் நகரின் மதிப்புக்குரிய குடிமக்கள் பலர் இருந்ததாகக் குறிப்பிட்டு, எவர்மீதும் குற்றஞ்சாட்டாமல் விட்டது. முகங்கள் தெரிந்திருந்தன, பெயர்களை அவர்களே பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் குற்றவாளிகள் அகப்படவில்லை! ஹென்னஸியைச் சுட்டவர் யார் என்பதும் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

செனற்றராகப் பின்னர் புகழ்பெற்ற ஹென்றி கபொட் லொட்ஜ் இதிலிருந்து பெற்ற பாடம் விசித்திரமானது. கட்டுப்பாடற்ற குடிவரவே இத்தகைய சம்பவங்களுக்கு மூலகாரணம் என அவர் எழுதினார். கொல்லப்பட்டவன் வந்ததுதான் கொலைக்குக் காரணம் என்பதே இதன் பொருள். இந்த நியாயம் ஒரு சஞ்சிகைக் கட்டுரையோடு நின்றுவிடவில்லை. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இத்தாலியர்களுக்கான வருடாந்த ஒதுக்கீட்டை 3,845 ஆகக் குறைத்தது. கும்பல் கயிற்றால் தொடங்கியதைச் சட்டமன்றம் பேனாவால் முடித்தது.

இத்தாலி தனது தூதுவரை வொஷிங்டனிலிருந்து திருப்பி அழைத்தது. ஜனாதிபதி பென்ஜமின் ஹாரிசன் சம்பவத்தைக் கண்டித்தார். 1892இல் ஏறத்தாழ 25,000 டொலர் நட்டஈடு வழங்கப்பட்டது. ஆனால் கொலைகள் நிற்கவில்லை. லூசியானாவின் ஹான்வில்லில் 1896இல் மூன்று இத்தாலியர்கள் கொல்லப்பட்டனர். 1899இல் அதே மாநிலத்தின் டலூலாவில் ஓர் ஆட்டைப் பற்றிய தகராறு முற்றி, ஐந்து சிசிலியர்கள் தூக்கிலிடப்பட்டனர்.

நியூ ஓர்லியன்ஸ் சம்பவத்தை அமெரிக்க வரலாற்றின் மிகப் பெரிய கும்பற் கொலை என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இதனையும் நான் ஏற்கவில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1871இல் ஒரே இரவில் பதினேழுக்குக் குறையாத சீனர்கள் கொல்லப்பட்டனர். லூசியானாவிலேயே, கோல்ஃபாக்ஸ் என்னும் ஊரில், 1873இல் அறுபதுக்குக் குறையாத கறுப்பின மக்கள் கொல்லப்பட்டனர். இத்தாலியர்களுக்காகப் பேச ரோமாபுரியில் ஓர் அரசு இருந்தது. கறுப்பினத்தவருக்காகப் பேச எந்தத் தூதுவர் இருந்தார்? 1892இல் மெம்பிஸ் நகரில் கும்பற் கொலைகளை எதிர்த்து எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸின் பத்திரிகை அலுவலகம் தகர்க்கப்பட்டது. ஒரு பத்திரிகை கும்பலைக் கூட்டியது. இன்னொரு பத்திரிகை கும்பலால் தகர்க்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் நடுநிலை என்று ஓர் இடம் இருப்பதாக எவரும் எனக்கு உபதேசிக்க வேண்டாம்.

2019 ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ் நகர மேயர் லடோயா கன்ட்ரெல் இக்கொலைகளுக்காக உத்தியோகபூர்வமாக மன்னிப்புக் கேட்டார். 128 வருடங்கள் கடந்திருந்தன. மன்னிப்புக் கோரியது நல்லதே. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்று மேயர் மட்டும் குற்றமிழைக்கவில்லை. அழைப்பை அச்சிட்டவர்களும், கொலையை நியாயப்படுத்தித் தலையங்கம் தீட்டியவர்களும் எனது தொழிலைச் சேர்ந்தவர்கள்.

ஆகவே இளைய பத்திரிகையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த தடவை 'ஆத்திரமடைந்த பொதுமக்கள்' என்று எழுத உங்கள் கை எழும்போது சற்று நிறுத்துங்கள். கூட்டத்துக்கு நேரம் குறித்தவர் யார், அழைப்பை வெளியிட்டவர் யார், தேடியபோது அகப்படாமற்போன அதிகாரி யார் என்று விசாரியுங்கள். அவர்களுடைய பெயர்களை எழுதுங்கள். பெயர்களை எழுத முடியாத நிலைமை என்றால், அந்த நிலைமையையே செய்தியாக எழுதுங்கள். பொதுமக்களின் தலையில் மட்டும் பழியைப் போடாதீர்கள்.