பூங்காநகரில் பூங்கா எங்கே?

பெயர் என்பது பொருளின் நிழல். பொருள் மறைந்தபின் நிழல் மட்டும் எஞ்சுமாயின் அதனால் யாருக்கு என்ன பயன்? சென்னையின் பூங்காநகர் அத்தகையதொரு நிழலாகவே இன்று நிற்கின்றது.

1859-இல் ஆளுநராக வந்த சார்லசு திரெவெலியன் திட்டமிட்டு அமைத்தது மக்கள் பூங்கா. 116 ஏக்கர்ப் பரப்பு. குளங்கள், நடைவழிகள், இசைமேடை, விலங்குக் காட்சிச்சாலை ஆகிய யாவும் அதனகத்தே அமைந்தன. நெருங்கிய தெருக்களில் மூச்சுத் திணறி வாழ்ந்த மக்களுக்கு அது நல்ல காற்றை நல்கிற்று. அதனை அண்டியிருந்தமையாலேயே அப்பகுதி பூங்காநகர் எனப் பெயர் பெற்றது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? அப்பூங்கா ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. துண்டு துண்டாய் அரியப்பெற்றது. 1880-களின் இறுதியில் விக்டோரியா பொதுமன்றம் எழத் தொடங்கிற்று. 1900-இல் மூர் சந்தை திறக்கப்பெற்றது. 1913-இல் இரிப்பன் மாளிகை நிமிர்ந்தது. அடுத்து விளையாட்டரங்கம் வந்தது. 1985-இல் மூர் சந்தை எரிந்தது. எரிந்த இடமேனும் பூங்காவுக்கு மீண்டதா? இல்லை! அங்கே புறநகர்த் தொடர்வண்டி நிலையம் எழுந்தது. விலங்குகளும் அதே ஆண்டில் திறக்கப்பெற்ற வண்டலூர்ப் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தன. எஞ்சிய பசுமைத் துண்டுக்கு வழங்கும் பெயரோ ‘மை லேடீசு பூங்கா’! அயலார் ஆட்சி நீங்கி முக்கால் நூற்றாண்டு கடந்தபின்னும் நம் நாவில் இப்பெயர்!

இக்கட்டடங்களுள் எதனையும் வீண் என்று நாம் கூறவில்லை. மன்றமும் வேண்டும்; சந்தையும் வேண்டும்; மாநகராட்சிக்கு மாளிகையும் வேண்டும். ஆயின், ஒவ்வொன்றுக்கும் இடம் தேடியபோது பூங்காவே வெற்றிடமாய்க் கண்ணிற் பட்டதே, அதுதான் நம் முறையீடு. பூங்கா வெற்றிடமன்று. வீட்டில் முற்றமில்லா எளியவனுக்கு அதுவே முற்றம்; அவன் குழந்தைக்கு அதுவே ஆடுகளம்; முதியோர்க்கு அதுவே நிழல்.

உள்ளம் இருப்பின் இழந்ததை மீட்கவும் இயலும். தனியார் உணவகம் நடந்துவந்த அரசு நிலம் மீட்கப்பெற்று, 2010-இல் செம்மொழிப் பூங்காவாய் மலர்ந்தமை அதற்குச் சான்று.

தமிழன்பர்களே! பெயர்ப்பலகையைத் தமிழாக்குவது நம் கடன். பெயருக்குரிய பொருளைக் காப்பதும் அக்கடனே. உங்கள் ஊர்ப் பூங்காவின் பரப்பையும் எல்லையையும் அறிந்து வையுங்கள். ஒரு சாண் குறையினும் ஊராட்சியாரை வினவுங்கள். பூங்காநகர் என்னும் நற்றமிழ்ப் பெயர் தன் பூங்காவைத் தானே காத்துக்கொள்ளவில்லை. காக்க வேண்டியவர் நாமே!